வைக்கோல் யாருக்குக் கழிவு?

இரண்டாம் தலைமுறை எத்தனால் பற்றி வரும் கட்டுரைகளைப் படித்தால் ஒரே கதைதான். இந்தப் பக்கம் வைக்கோல் போகிறது, அந்தப் பக்கம் எரிபொருள் வருகிறது. நடுவில் நடப்பதை 'பதப்படுத்தி' என்ற ஒற்றைச் சொல்லில் தாண்டிவிடுகிறார்கள். கஷ்டம் மொத்தமும் அந்தச் சொல்லுக்குள்தான் இருக்கு.

வைக்கோலில் பாதிக்கு மேல் செல்லுலோஸும் ஹெமிசெல்லுலோஸும். இரண்டும் சர்க்கரைச் சங்கிலிகள். ஆனால் லிக்னின் அவற்றைப் பசை மாதிரி மூடியிருக்கிறது, போதாததற்கு நெல்லுக்கே உரிய சிலிகா வேறு. நொதியைச் சும்மா ஊற்றினால் பெரிதாக ஒன்றும் நடக்காது. அதனால் நீர்த்த கந்தக அமிலத்தில், 150 டிகிரிக்கு மேல், அழுத்தத்தில் வேகவைப்பது ஒரு வழி. ஹெமிசெல்லுலோஸ் கரைந்து சைலோஸ் வரும். கொஞ்சம் கூடுதலாக வெந்தால் அதே சைலோஸ் ஃபர்ஃபியூரலாகி, அடுத்து வேலை செய்யவேண்டிய ஈஸ்ட்டை முடக்கும். சரியாக வெந்தாலும் சாதாரண ஈஸ்ட் சைலோஸைத் தொடாது! காரத்தில் ஊறவைத்தால் லிக்னின் கழன்றுவிடும். கூடவே சிலிகாவும் கரைந்து கழிவுநீரில் தொல்லை கொடுக்கும். (எங்கள் மென்பொருள் தொழிலிலும் தரவைச் சுத்தம் செய்வதில்தான் பாதி ஆயுள் போகிறது.)

பானிப்பட்டில் இந்தியன் ஆயில் 900 கோடி ரூபாய்க்கு மேல் போட்டுக் கட்டிய ஆலை 2022 ஆகஸ்ட் 10 அன்று திறக்கப்பட்டது. அன்று சொன்ன கணக்கு: ஆண்டுக்கு 2 லட்சம் டன் வைக்கோல், சுமார் 3 கோடி லிட்டர் எத்தனால். வகுத்துப் பாருங்கள், டன்னுக்கு 150 லிட்டர். உலர்ந்த வைக்கோலின் சர்க்கரை முழுவதும் எத்தனாலானால் ஏறக்குறைய 400 லிட்டர் வரவேண்டும். ஈரம், மண் என்று தாராளமாகக் கழித்தாலும் இடைவெளி பெரிசு. இத்தனைக்கும் இது இலக்குதான், உற்பத்தி இல்லை.

அங்கே அதற்கு ஒரு நியாயம் உண்டு. நெல் அறுத்த சில வாரங்களில் கோதுமை விதைக்கணும், அதனால் எரிக்கிறார்கள். அதே வாதத்தை அப்படியே கோலியனூருக்குக் கொண்டுவருவதைத்தான் என்னால் ஏற்க முடியவில்லை. இங்கே மிஷின் அறுப்பு முடிந்ததும் கட்டு கட்டும் மிஷின் வயலில் இறங்குகிறது. வைக்கோலுக்கு விலை இருக்கு, அதைத் தின்ன மாடு இருக்கு. ஆலை விலை ஏற்றி வாங்கினால் முதலில் அடி வாங்குவது நிலமில்லாமல் இரண்டு கறவை வைத்திருப்பவர்கள். கரும்புச் சக்கையும் ஏற்கெனவே சர்க்கரை ஆலைக் கொதிகலனில் எரிகிறது.

கேட்பதானால் கரும்புச் சோகையைக் கேட்கலாம். வெட்டு முடிந்ததும் பலரும் அதைத்தான் கொளுத்துகிறார்கள். அதையும் மூடாக்காகப் போட்டால் மண்ணில் ஈரம் நிற்கும் என்பதால், அங்கேயும் ஆலை போட்டி போட்டுத்தான் வாங்கவேண்டியிருக்கும்.