சுவரோவியமும் பழவேற்காடும்

பொதுச்சுவர்களில் ஓவியம் தீட்டும் வழக்கம் நம் நாட்டில் பெருகி வருகிறது. சென்னைக் கண்ணகி நகரின் அடுக்குமாடிச் சுவர்களில் 2020ஆம் ஆண்டு தீட்டப்பெற்றவை பலரும் அறிந்தவை. ஆங்கே மனித முகங்கள் பெரிதாய் இடம்பெற்றன. பல சமயத்தாரும் கூடிவாழும் பழவேற்காட்டுக்கு அவ்வழி பொருந்துமா?

உயிருருவம் தீட்டுவதை நம் மார்க்க அறிஞர் பெரும்பாலோர் விலக்கினர், அழகை விலக்கினாரில்லை. கி.பி. 705 முதல் 715 வரை ஆண்ட கலீஃபா வலீத் எழுப்பிய திமிஷ்குப் பெரிய பள்ளிவாசலை நோக்குக! மரங்களும் மாளிகைகளும் ஓடும் ஆறும் பொன்னிறப் பின்னணியில் வண்ணச் சில்லுகளால் ஒளிர்கின்றன. மனிதரோ விலங்கோ இல்லை. இயற்கை எச்சமயத்தாரும் தயக்கமின்றி நிற்கத்தக்க பொதுமன்றம் என்பதற்கு வேறு சான்று வேண்டுமோ?

ஆயினும் பழவேற்காடு என்றதும் பூநாரையை மட்டும் தீட்டி அமைவது வழிப்போக்கர் பார்வை. மீனவர் தம்முள் முறைவைத்து வலைவிடும் 'பாடு' வழக்கமும், முஸ்லிம் பெண்டிர் முடையும் பனையோலைப் பெட்டியும், மலாய் மக்கள் 'பெலேக்காட்' என இவ்வூர்ப் பெயராலேயே வழங்கும் கட்டமிட்ட கைலியும் அவ்வூருக்கு உரியவையல்லவா? வலையின் கண்ணும் ஓலையின் பின்னலும் கைலியின் கட்டமும் ஒரே சுவரில் இயைந்து நிற்க வல்லவை. எவர் மனத்தையும் உறுத்தாதவை.

மணல் தூர்ந்து முகத்துவாரம் அடைபடுந்தோறும் மீனும் பறவையும் மீனவர் பிழைப்பும் ஒருங்கே குன்றுகின்றன. அதனையும் சொல்லாத ஓவியத்தைச் சுவருக்குப் பூசிய சாயம் என்றே கொள்வோம்.