பெயர் தவறினால் சிகிச்சையும் தவறும்

உணவுக்குழாயில் கட்டி என்றவுடன் புற்றுநோய் என்று அஞ்சுவது மக்கள் இயல்பு. அதில் நியாயமும் உண்டு. சுமார் 25 சென்டிமீட்டர் நீளமுள்ள இக்குழாயில் தோன்றும் தீய கட்டிகளுள் மிகப் பெரும்பாலானவை இரண்டே வகையின. ஒன்று உட்படலத்தின் தட்டையான செல்களில் எழும் புற்று. மற்றொன்று சுரப்பிச் செல்களில் எழும் புற்று. இவ்விரண்டிலும் அடங்காத அரிய கட்டிகளை எவ்வாறு இனங்காண்பது? இதற்கு உலகெங்கும் திசு ஆய்வாளர்கள் நாடும் நூல், உலகச் சுகாதார நிறுவனத்தின் வகைப்பாட்டு வரிசையில் வந்துள்ள 'செரிமான மண்டலக் கட்டிகள்' ஆகும். இதன் ஐந்தாம் பதிப்பு, பிரான்சின் லியோன் நகரிலுள்ள பன்னாட்டுப் புற்றுநோய் ஆராய்ச்சி முகமையின் வெளியீடாக 2019இல் வந்தது.

வகை பிரிப்பதால் நோயாளிக்கு என்ன பயன் என்று சிலர் கேட்கலாம். ஓர் எடுத்துக்காட்டைப் பார்ப்போம். உணவுக்குழாயின் சுவரில் 'லியோமயோமா' என்னும் தசைக்கட்டி தோன்றுவதுண்டு, இது தீங்கற்றது. அதே சுவரில், மிக அரிதாக, 'ஜிஸ்ட்' என்னும் கட்டியும் தோன்றும், இது பரவக்கூடியது. நுண்ணோக்கியில் இரண்டிலும் கதிர் வடிவச் செல்களே தெரியும். ஆகவே முன்னாளில் ஜிஸ்ட் கட்டிகளையும் தசைக்கட்டிகள் என்றே எண்ணினர். ஜிஸ்ட் கட்டிகளில் 'கிட்' என்னும் ஜீன் பழுதுபட்டிருப்பதை ஜப்பானிய அறிஞர்கள் 1998இல் கண்டறிந்தனர். அதன்பின் கிட் புரதத்தைச் சாயமேற்றிக் காட்டும் சோதனை, இரண்டையும் பிரித்தறியும் உரைகல்லாயிற்று.

பெயர் மாறினால் சிகிச்சையும் மாறுகிறது. தொல்லை தராத சிறு லியோமயோமாவைக் கண்காணித்து வந்தாலே போதும். பெரிதானால், உட்படலத்துக்கு ஊறின்றிக் கட்டியை மட்டும் தோண்டி எடுக்கலாம். ஜிஸ்ட் கட்டியையோ உடையாமல் முழுதாக அகற்றவேண்டும். 'இமாட்டினிப்' மாத்திரையும் அதற்குப் பயன்படும். லியோமயோமாவுக்கு அம்மாத்திரையால் பயனில்லை. நரம்பு நாளமில்லாச் சுரப்பி வகையைச் சேர்ந்த சிறுசெல் புற்றோ விரைந்து பரவுவது. அதற்குக் கத்தி மட்டும் போதாது, மருந்தும் கதிர்வீச்சும் வேண்டும்.

இந்நூலின் பெருஞ்சிறப்பு, ஒவ்வொரு கட்டிக்கும் இன்றியமையாத அடையாளங்களையும் விரும்பத்தக்க அடையாளங்களையும் தனித்தனியே வகுத்திருப்பது. எல்லாச் சோதனைகளுக்கும் வசதியில்லாத ஆய்வுக்கூடத்துக்கு இது பேருதவி.

ஆயினும் குறையொன்றைச் சொல்லாமலிருக்க முடியவில்லை. 2010இல் வந்த நான்காம் பதிப்பில் உணவுக்குழாயின் தசைக்கட்டிகள் உணவுக்குழாய் அத்தியாயத்திலேயே இருந்தன. புதிய பதிப்பில் அவை செரிமான மண்டலம் முழுவதற்கும் பொதுவான தனி அத்தியாயத்துக்குச் சென்றுவிட்டன. திசுவின் பிறப்பை நோக்கினால் இது சரியே. ஆனால் உறுப்புக்கு உறுப்பு நிலைமை வேறு. இரைப்பைச் சுவரில் ஜிஸ்ட் மிகுதி. உணவுக்குழாயில் லியோமயோமாவே மிகுதி. உணவுக்குழாய் அத்தியாயத்தை மட்டும் புரட்டும் இளம் மருத்துவருக்கு, அங்கே அடிக்கடி எதிர்ப்படும் தீங்கற்ற கட்டியே கண்ணில் படாது போகும்.

சிகிச்சை முறைகளைக் கூறுவது இந்நூலின் நோக்கமன்று. அதைக் குறை சொல்வது முறையாகாது. ஆனால் தவறு பலவேளை நுண்ணோக்கிக்கு முன்னரே தொடங்கிவிடுகிறது என்பதை மருத்துவர்கள் மறக்கலாகாது. உட்படலம் பழுதின்றியிருக்க, அதன் அடியில் புடைத்திருக்கும் கட்டியை மேலோட்டமாகக் கிள்ளிச் சோதித்தால், பெரும்பாலும் நல்ல படலமே கிடைக்கும், கட்டி அகப்படாது. கிள்ளிய இடம் தழும்பேறிக் கட்டியுடன் ஒட்டிக்கொண்டால், பின்னர் அறுவையின்போது படலம் கிழியவும் கூடும். எண்டோஸ்கோப் முனையிலுள்ள மீயொலிக் கருவியால், கட்டி சுவரின் எந்த அடுக்கில் உள்ளதென்று முதலில் பார்ப்பதே அறிவுடைமை.

ஆகவே, 'கட்டி இருக்கிறது' என்ற சொல்லோடு நோயாளியின் குடும்பத்தார் நின்றுவிடலாகாது. அது எந்த அடுக்கில் உள்ளது, எந்த வகை, அவ்வகை எச்சோதனையால் உறுதியாயிற்று என்று மருத்துவரிடம் கேட்டறிய வேண்டும். மருத்துவர்களுக்கென எழுதப்பட்ட இந்நூலிலிருந்து நாம் பெறத்தக்க பாடம் இதுவே.