பாதை மட்டும் மிஞ்சிய திட்டம்: பென்டன் மெக்கையின் 1921 கட்டுரை

அமெரிக்காவின் கிழக்குப் பக்கம் ஜார்ஜியாவிலிருந்து மெய்ன் வரை, 14 மாநிலங்கள் வழியாக, சுமார் 3,500 கி.மீ. நீளத்துக்கு அப்பலாச்சியன் டிரெயில் போகிறது. அதில் நடந்தவர்கள் எழுதின புத்தகங்கள் ஏராளம். பில் பிரைசனின் 'எ வாக் இன் தி வுட்ஸ்' நம்ம ஆட்களில் பலர் படிச்சதுதான். ஆனால் அந்தப் பாதைக்கே விதை போட்ட கட்டுரையைத் தேடிப் படிச்சவர்கள் கம்மி. பென்டன் மெக்கை எழுதி, 1921 அக்டோபரில் அமெரிக்கக் கட்டடக் கலைஞர்கள் சங்கத்தின் இதழில் வந்தது. சில பக்கங்கள்தான், ஒரு உட்காரலில் முடித்துவிடலாம். நான் மூன்று தடவை படித்தேன். மூன்றாவது தடவை படித்ததற்கு ஒரு காரணம் உண்டு, கடைசியில் சொல்கிறேன்.

வழக்கமாக இந்தக் கதையை இப்படிச் சொல்வார்கள்: மெக்கை கனவு கண்டார், மைரன் ஏவரி செய்து முடித்தார். ஏவரி வாஷிங்டனில் வேலை பார்த்த கடல்சார் சட்ட வழக்கறிஞர். சைக்கிள் சக்கரம் ஒன்றைத் தள்ளிக்கொண்டே பாதையை அளந்தவர். நடைக் கழகங்களை ஒருங்கிணைத்து 1937-ல் பாதையை முழுசாக்கியதில் அவருக்குத்தான் பெரிய பங்கு. இதில் தகவல் பிழை எதுவும் இல்லை. ஆனால் இந்தக் கதையை நம்பிக் கட்டுரைக்குள் போனால் குழப்பம்தான் வரும். ஏனென்றால் கட்டுரை பாதையைப் பற்றியதே இல்லை.

அது மலையில் தொடங்கவில்லை. ஓய்வு முகாம்கள் சத்தமில்லாமல் பெருகிவருவதில் தொடங்குகிறது. உழைக்கிறவனுக்குக் கிடைக்கும் ஓய்வு நேரத்தை என்ன செய்வது என்பதுதான் மெக்கையின் கேள்வி. அதற்கு அவர் நான்கு உறுப்புகள் கொண்ட திட்டம் ஒன்று தருகிறார். முதலாவது பாதை. இரண்டாவது, ஒருநாள் நடைத் தூரத்துக்கு ஒன்றாகத் தங்கும் குடில்கள். மூன்றாவது, குடில்களைச் சுற்றி வளரும் சமூக முகாம்கள். நான்காவது, அந்த முகாம்களுக்குச் சோறு போடும் பண்ணைகள். போட்டியும் ஒருவரை ஒருவர் சுரண்டுவதும் இல்லாமல், கூட்டுறவில் நடக்கும் ஒரு வாழ்க்கையை மலை முகட்டில் உண்டாக்க வேண்டும் என்பதுதான் அவர் நோக்கம். பாதை அதற்கான நூல், அவ்வளவே.

இதில் எது நடந்தது? பாதை வந்தது. 250-க்கும் மேற்பட்ட தங்குமிடங்கள் வந்தன. சமூக முகாமும் பண்ணையும் வரவே இல்லை.

கட்டுரையில் ஒரு இடம் என்னை நிறுத்திவைத்தது. காசநோய், ரத்தசோகை, மனநோய் ஆகியவற்றால் அவதிப்படுகிறவர்கள் எல்லா வர்க்கத்திலும் இருக்கிறார்கள், மலைக்காற்று அவர்களுக்கு மருந்து என்கிறார். அந்த வருஷம் ஏப்ரலில்தான் அவர் மனைவி, பெண் வாக்குரிமைப் போராளி ஜெஸ்ஸி ஹார்டி ஸ்டப்ஸ், மனநலம் குலைந்து தற்கொலை செய்துகொண்டார். அடுத்த சில மாதங்களில் எழுதியது இது. கட்டுரையில் அந்தச் சாவைப் பற்றி ஒரு சொல் இல்லை. தெரிந்துகொண்டு படிச்சால் அந்தப் பத்தியின் கனம் வேறு.

சரி, பாதி ஏன் நடக்காமல் போச்சு? ஏவரிக்குத் தொலைநோக்கு இல்லை, சமரசம் செய்துகொண்டார் என்று மெக்கை பக்கத்து ஆட்கள் சொல்வார்கள். பாதையை ஒட்டி மலை முகட்டில் ஸ்கைலைன் டிரைவ் என்ற கார் சாலை வந்தபோது ஏவரி அதை ஏற்றுக்கொண்டு பாதையைத் தள்ளிப் போட்டார், மெக்கை எதிர்த்தார். 1935-ல் இருவரும் பிரிந்தேவிட்டார்கள். ஆனாலும் குறை கட்டுரையிலேயே இருக்கிறது என்பதுதான் என் வாதம்.

பாதையைப் பற்றி எழுதும்போது மெக்கை தெளிவாக இருக்கிறார். பகுதி பகுதியாகப் பிரிக்கணும், ஒவ்வொன்றும் அந்தந்த ஊர்க் குழுவின் பொறுப்பில் இருக்கணும், மேலே தளர்வான ஒரு கூட்டமைப்பு போதும். இன்றுவரை அமைப்பு இதேதான். சுமார் 30 கழகங்கள் ஆளுக்கொரு துண்டைப் பார்த்துக்கொள்கின்றன. ஆனால் முகாமுக்கும் பண்ணைக்கும் வரும்போது யார் முதல் போடுவார்கள், யார் வருஷம் முழுக்க அங்கேயே குடியிருப்பார்கள் என்பதற்குப் பதில் இல்லை. கழகத்துக்காரர்கள் நகரத்தில் வேலை பார்க்கிற ஆட்கள். சனி ஞாயிறு கோடாலியோடு வந்தவர்களால் எது முடியுமோ அது நடந்தது.

நிலம் விஷயத்தில் இன்னும் மோசம். தனியார் நிலத்தைக் கடக்கும்போது சிக்கல் வரலாம், உள்ளூர் ஆர்வம் இருந்தால் சுலபமாகச் சரிசெய்யலாம் என்று ஓரிரு வரியில் தாண்டிப் போகிறார். டிசைன் டாக்குமென்டில் 'இதைப் பிறகு பார்த்துக்கொள்ளலாம்' என்று ஒரு வரி வந்தால், பின்னாடி விடியவிடிய உட்கார்ந்து பார்க்கப்போவது அந்த வரியைத்தான். இங்கேயும் அதுதான். 1968-ல் தேசியச் சட்டம், 1978-ல் அதற்குத் திருத்தம், பிறகு பல வருஷ நில வாங்கல், சில இடங்களில் கட்டாயக் கையகப்படுத்தல். ஷெனாண்டோவா தேசியப் பூங்காவுக்காக 1930-களில் சுமார் 500 குடும்பங்கள் மலையைவிட்டு இறக்கப்பட்டன. அது பூங்காவுக்காக நடந்தது, பாதைக்காக இல்லை என்பது உண்மை. ஆனால் பாதை இன்று அந்த மலையில் 160 கி.மீ. போகிறது. மலையில் மக்கள் வாழணும் என்று எழுதின திட்டத்தில் மிஞ்சிய பாதை, ஏற்கெனவே வாழ்ந்தவர்கள் இல்லாத மலைமேல் போகிறது.

ஆனால் கனவு மொத்தமாகத் தோற்றது என்றும் நான் சொல்லமாட்டேன். 1937-ல் முடிந்த பாதையை அடுத்த வருஷப் புயல் நியூ இங்கிலாந்தில் கிழித்துப் போட்டது. சாலைகளும் உலகப் போரும் சேர்ந்து, பாதை மறுபடி ஒன்றாக 1951 ஆச்சு. விழுந்த மரத்தை அறுப்பது, மழைத்தண்ணி பாதையை அரிக்காதபடி குறுக்கே சாய்வாகக் கல்லோ கட்டையோ பதிப்பது, இரண்டுக்கு ஆறு அங்குல வெள்ளைக் குறியை மரத்தில் திரும்பப் பூசுவது: இதையெல்லாம் கூலி இல்லாமல் கூடிச் செய்கிறார்கள். மெக்கை முகாமில் எதிர்பார்த்த கூட்டுறவு, பராமரிப்பு வேலையில்தான் கிடைத்தது. நடப்பதில் கிடைக்கவில்லை. இதை அவரே எதிர்பார்த்திருக்கமாட்டார்.

இப்போ அந்த மூன்றாவது வாசிப்பு. 2018 மார்ச் 11 அன்று தேனி மாவட்டம் குரங்கணியில் காட்டுத்தீயில் மலையேறப் போனவர்கள் 20-க்கும் மேற்பட்டோர் இறந்தார்கள். அதற்குப் பிறகு கட்டுரையை எடுத்தபோது, முன்னால் கவனிக்காத ஒரு பத்தி கண்ணில் பட்டது. பாதைதான் காட்டுத்தீக்கு எதிரான முதல் அரண், இடைவெளி விட்டுக் கண்காணிப்பு மேடைகள் வேண்டும், ஒவ்வொரு பகுதியிலும் தீத்தடுப்புக் குழு வேண்டும் என்கிறார். அவருக்குப் பாதை என்பது காட்டுக்குள் போகிற வழி மட்டுமில்லை, காட்டைக் காக்கிற ஏற்பாடும்கூட.

நாம் அந்த வருஷமே மலையேற்ற விதிகள் கொண்டுவந்தோம். 2024-ல் அரசின் 'டிரெக் தமிழ்நாடு' 40 பாதைகளோடு வந்தது. உள்ளூர் ஆட்களையும் பழங்குடி இளைஞர்களையும் வழிகாட்டிகளாகப் பயிற்றுவித்திருக்கிறார்கள். மலையில் இருப்பவர்களைக் கணக்கில் எடுத்த வகையில் இது மெக்கையைவிட ஒரு படி மேலே. ஆனால் நடப்பவன் பணம் கட்டுகிறான், வழிகாட்டி பின்னாலேயே போகிறான், இறங்கி வருகிறான். பாதையோடு அவன் உறவு அத்தோடு முடிந்தது. கோடைக்கு முன்னால் தீத்தடுப்புக் கோடு வெட்டும் வேலையில் வனத்துறையோடு சேர்ந்து இரண்டு நாள் கை கொடுக்கிறேன் என்று ஒரு நடைக் கழகம், ஒரே ஒரு துண்டுப் பாதைக்காவது பொறுப்பெடுத்தால் என்ன?

அப்படி யாராவது திட்டம் எழுதினால் ஒரு வேண்டுகோள். அந்த மலை யாருடையது என்ற கேள்விக்கு முதல் பக்கத்திலேயே பதில் எழுதிவிடுங்கள். மெக்கை அதை ஓரிரு வரியில் தாண்டினார். அந்த வரிகளைச் சரிசெய்யத்தான் அரை நூற்றாண்டுக்கு மேல் ஆச்சு.