பிறனா, அடுத்திருப்பவரா?

கடவுளை மறுக்கும் நமக்குக் கிறித்தவ வேதத்தோடு என்ன உறவு என்று கேட்கும் தோழர்கள் உண்டு. உறவில்லை, ஆனால் வேலை உண்டு. ஒரு கருத்தைத் தமிழனிடம் எவர் கொண்டு வந்தாலும், சொன்னது என்ன, செய்தது என்ன என்று எடைபோடுவது பகுத்தறிவாளர் கடமையன்றோ!

மாந்தரின் பாவம் போக்க ஏசு சிலுவையில் உயிர் ஈந்தார். அந்த அன்பை ஏற்றவன் அயலானையும் தன்னைப்போல் நேசிக்க வேண்டும். கிறித்தவத்தின் உயிர்க்கருத்தாக அவர்கள் கூறுவது இது. முன்பாதியை நாம் ஏற்கவில்லை. பின்பாதியை ஏசு விளக்கிய முறையையோ வியக்கிறோம்.

அயலான் யார் என்று அவரைக் கேட்டான் ஒரு சட்ட வல்லுநன். ஏசு இலக்கணம் வகுக்கவில்லை, கதை சொன்னார். எரிகோவுக்குச் செல்லும் வழியில் கள்வரால் அடிபட்டு ஒருவன் குற்றுயிராய்க் கிடக்கிறான். குரு கண்டான், விலகிச் சென்றான். கோயில் ஊழியம் புரியும் லேவியனும் அவ்வாறே சென்றான். காயம் கட்டிக் காப்பாற்றியவனோ யூதர் இழிந்தவன் என்று ஒதுக்கிய சமாரியன்! கேட்டவனின் குலப்பெருமையைக் குத்திக் காட்டியே கருத்து விளக்கப்பட்டது.

இக்கேள்வி தமிழில் எப்படி ஒலித்தது? பழைய மொழிபெயர்ப்பில் அயலான் 'பிறன்' ஆனான். பிழையான சொல்லன்று, வள்ளுவர் ஆண்ட சொல்லே. ஆயினும் சாதிக்கொரு தெரு வகுத்த நாட்டில், பிறன் என்றால் வேறானவன், வெளியே நிற்பவன் என்ற ஒலியே மிகும். 1995இல் வெளிவந்த திருவிவிலியம் அவனை 'அடுத்திருப்பவர்' என்றது. சுவிசேஷம் நற்செய்தியாயிற்று, ஞானஸ்நானம் திருமுழுக்காயிற்று. வடமொழித் திரை விலகிற்று. பாராட்டுகிறோம்.

சொல் திருந்தினால் போதுமா? நம் கொங்கு மண்ணின் கதையைக் கேளுங்கள். 1606இல் மதுரைக்கு வந்த இத்தாலியப் பாதிரியார் இராபர்ட் தெ நொபிலி, 1623இல் சேந்தமங்கலம், சேலம் பக்கம் வந்தார். தமிழ் கற்றார், தமிழில் எழுதினார், அந்த உழைப்பை வணங்குகிறோம். ஆனால் காவி அணிந்து, பூணூல் தரித்து, உயர்சாதியார் மனம் கோணாதபடி அன்றோ அவர் வேதம் விளக்கினார்! ஒடுக்கப்பட்டோரிடம் செல்ல 1640இல் பண்டாரசுவாமிகள் என்ற தனிப்பிரிவே ஏற்பட்டது. ஏசு கேட்பவனின் குலச்செருக்கை உடைத்து விளக்கினார். நொபிலி அச்செருக்குக்கு இடங்கொடுத்து விளக்கினார். செய்தி வந்தது, அதன் உயிர் வந்ததா?

பின்னர் வந்தோர் பலர் கல்விக்கதவைத் திறந்தனர். 1830இல் கோவையில் பணி தொடங்கிய இலண்டன் மிஷன் போன்ற அமைப்புகளின் தொண்டை நாம் மறைக்க மாட்டோம். ஆயினும் நெல்லைச் சீமையின் வடக்கன்குளத்தில் கோயிலுக்குள்ளேயே சாதிச்சுவர் நின்றது. 1910இல்தான் அது இடிந்தது. 2008இல் அன்றைய விழுப்புரம் மாவட்டத்து எறையூரில் கிறித்தவருக்குள்ளேயே சாதி மோதல் மூண்டது. காவலர் துப்பாக்கிச் சூட்டில் இருவர் மாண்டனர். அடுத்திருப்பவர் என்று அச்சிட்டு 13 ஆண்டுகள் கழித்தும் அவர் பிறனாகவே நின்றார்!

பாதிரிமாரைப் பழித்துவிட்டு நாம் தப்பிக்கலாமா? 2016 மார்ச்சில், பகுத்தறிவுப் பாட்டிசைத்த நாராயணகவியின் உடுமலையில், சாதி மறுத்து மணந்த இளைஞர் பட்டப்பகலில் வெட்டிச் சாய்க்கப்பட்டார். காட்டுவழியிலன்று; பேருந்து நிலையத்தருகே, பலர் பார்த்திருக்க! எரிகோ வழி எங்கோ இல்லை, தோழர்களே. நம் ஊர் நடுவே ஓடுகிறது.

ஈரோட்டில் பிறந்த பெரியாரின் பெயரை நாளும் சொல்கிறோம். மேடையில் மனிதம் பேசி, வீட்டு மணத்தில் சாதி பார்ப்பவன், கதையில் வரும் குருவினும் உயர்ந்தவனா? அன்பை விளக்க வேதம் வேண்டுமென்பர் அவர்கள். அறிவு போதுமென்போம் நாம். எவர் விளக்கம் மெய் என்பது, வழியில் வீழ்ந்து கிடப்பவனருகே யார் நிற்கிறார் என்பதில் தெரியும். முதலில் நிற்பவர் நாமாக இருப்போம்!