அட்டவணையும் அறிவுறுத்தலும்: ஒரு திறனாய்வு நோக்கு

திறனாய்வு என்றதும் கவிதை, நாவல், நாடகம் என்பனவே நம் நினைவுக்கு வருகின்றன. ஆயின், மொழியாற் செய்யப்பட்டு, ஒரு வாசகனை முன்னிறுத்தி, ஒரு பயன் கருதி எழுதப்படும் எதுவும் திறனாய்வுக்கு உரியதே. செயற்கை நுண்ணறிவு முகவர்களுக்கு எழுதப்படும் அறிவுறுத்தல்கள் அத்தகையதோர் உரைநடை வகையாகும். நாம் கூறியதைக் கொண்டு தாமே செய்நிரல் எழுதி, தரவுத்தளம் அமைத்து, பிழை திருத்தி வேலையை முடிக்கும் மென்பொருள்களையே இன்று முகவர் என்கின்றனர். இவ்வாசகர் படித்துச் சுவைப்பதில்லை, படித்தபடி செய்துவிடுகின்றார். ஆதலின் இவ்வகை எழுத்தின் குறை, வாசகனின் சலிப்பாக அன்றிப் பிழையான பதிவாகவே வெளிப்படும்.

தொடர்புநிலைத் தரவுத்தளம் என்னும் கருத்துக்கு மூலம், ஐ.பி.எம். நிறுவனத்திற் பணியாற்றிய எட்கார் கொட் 1970 இல் வெளியிட்ட கட்டுரையாகும். தரவு கணினியினுள் எவ்வாறு அடுக்கப்பட்டுள்ளது என்பதை அறியாமலே அதனைப் பயன்படுத்த இயலவேண்டும் என்பது அவர் கொள்கை. நிரைகளும் நிரல்களும் கொண்ட அட்டவணையில் ஒவ்வொரு நிரையும் உலகைப் பற்றிய ஒரு கூற்று எனலாம். ஒரு நிரையை ஏனையவற்றினின்று பிரித்தறிய உதவுவது முதன்மைச் சாவி. ஓர் உண்மையை ஓரிடத்திலேயே பதிதல் வேண்டும் என்பது இயல்பாக்கம் எனப்படும் நெறியின் சாரம்.

மாணவர் சங்கமொன்றின் நூல் இரவற் பதிவேட்டைக் கணினிக்கு மாற்றும் பணியில் நாமும் நண்பர் சிலரும் ஈடுபட்டபோது, முகவருக்கென ஐந்து வாக்கியங்களை எழுதினோம். சிறந்த முறையில் வடிவமைக்கவும். ஒவ்வோர் அட்டவணைக்கும் தொடரிலக்கமொன்றை முதன்மைச் சாவியாக இடவும். எதனையும் இருமுறை பதியவேண்டாம். தேடல் விரைவாக அமைய வேண்டிய விபரங்களை ஒரே அட்டவணையில் வைக்கவும். உறுப்பினரின் முதற்பெயரும் குடும்பப்பெயரும் கட்டாயம் இருத்தல் வேண்டும் என்பனவே அவை. நன்னூலார் வகுத்த நூற்குற்றங்கள் பத்தினுட் சில இவ்வைந்து வாக்கியங்களுள்ளேயே குடிகொண்டிருந்தமையைப் பின்னரே உணர்ந்தோம்.

முதல் வாக்கியம் வெற்றெனத் தொடுத்தல். அதனை நீக்கிப் பார்த்தபோதும் அதே அட்டவணைகளே கிடைத்தன. இரண்டாவது குன்றக் கூறல். ஒவ்வொரு நிரைக்கும் இலக்கம் இட்டாயிற்று. ஆனால் அவ்விலக்கம் எதனைக் குறிக்கின்றது? நூல் வேறு, அந்நூலின் பிரதி வேறு என்பதை நாம் கூறவில்லை. ஒரு பிரதி ஒரு வேளையில் ஒருவரிடமே இருக்கமுடியும் என்பதையும் கூறவில்லை. விளைவாக, ஒரே பிரதியை ஒரே நாளில் இருவர் இரவல் பெற்றதாகப் பதிந்தபோது தரவுத்தளம் மறுப்பின்றி ஏற்றுக்கொண்டது. இரு நிரைகளுக்கும் வெவ்வேறு இலக்கங்கள் இருந்தமையால் அதற்கு முரண்பாடு தெரியவில்லை. இலக்கமிடல் வேறு, அடையாளங்காணல் வேறு.

மூன்றாவதும் நான்காவதும் சேர்ந்து மாறுகொளக் கூறல் ஆயின. மனித எழுதுவினைஞர் ஒருவராயின் எதனைப் பின்பற்றுவது என வினவியிருப்பார். முகவரோ வினவாமலே நான்காவதைத் தெரிந்துகொண்டது. உறுப்பினரின் தொலைபேசி இலக்கம் உறுப்பினர் அட்டவணையிலும் இரவல் அட்டவணையிலும் இடம்பெற்றது. ஒன்றிலே திருத்தப்பட்ட இலக்கம் மற்றொன்றிற் பழையதாகவே நின்றது.

ஐந்தாவது வாக்கியமே நம்மை அதிகம் நாணச் செய்தது. தமிழரிற் பெரும்பாலோர் தந்தை பெயரைத் தம் பெயரின் முன்னே இடுகின்றனர். அது குடும்பப்பெயர் அன்று. தலைமுறைக்குத் தலைமுறை அது மாறும். வேற்றுச் சமூகமொன்றின் பெயர் மரபை உலகப் பொதுவெனக் கொண்டு, நாமே நம் பெயர்களுக்குப் பொருந்தாத கட்டத்தை வரைந்திருந்தோம். ஒற்றைப் பெயரை மாத்திரம் எழுதும் உறுப்பினர் ஒருவரைச் சேர்க்க, வெற்றுக் கட்டத்தில் ஒரு புள்ளியை இடவேண்டியதாயிற்று. பெயர் உடையவரே குறையுடையவராகப் பதியப்பட்டார். முகவர் இதனைச் செய்யவில்லை. நம் வாக்கியமே செய்தது.

இத்தகைய அறிவுறுத்தல்களே தேவையில்லை, முகவர் எல்லாம் அறியும் என்பாரும் உளர். இக்கூற்றில் ஓரளவு உண்மை உண்டு. பணத்தொகையை மிதவைப் புள்ளி எண்ணாக அன்றித் துல்லியமான தசம எண்ணாகப் பதிதல் போன்ற பொதுவிதிகள் அதற்குப் பெரும்பாலும் தெரிந்தவையே. ஆனால் நமது நூலகத்தில் ஒரு நூலுக்கு மூன்று பிரதிகள் உண்டென்பதையும், நம் பெயர் மரபு யாதென்பதையும் நாமே கூறவேண்டும். பொதுவிதிகளை நீட்டி எழுதி, உள்ளூர் உண்மைகளை விட்டுவிடுவதே இவ்வகை எழுத்தின் பெருங்குறை.

நல்ல அறிவுறுத்தல் விதியையும் அதன் காரணத்தையும் எல்லையையும் ஒருங்கே தரும். திருத்திய பிரதியில் நாம் இவ்வாறு எழுதினோம்: "போஸ்ட்கிரெஸ் மென்பொருள் அந்நியச் சாவி நிரல்களுக்குத் தானாகச் சுட்டி அமைப்பதில்லை, ஆதலால் இரவல் அட்டவணையின் உறுப்பினர் நிரலுக்குச் சுட்டி அமைக்கவும்." "திரும்பிய திகதி வெறுமையாயுள்ள நிரை ஒரு பிரதிக்கு ஒன்றுக்கு மேற்படலாகாது. ஒரு பிரதி ஒருவரிடமே இருக்குமாதலின்." காரணம் தெரிந்தமையால், நாம் எதிர்பாராத இடத்திலும் முகவர் அதனைப் பொருத்திக்கொண்டது. இரவலுக்கு முன்பதிவு செய்யும் அட்டவணையைப் பின்னர் கேட்டபோது, அங்கு பலர் ஒரே பிரதிக்குக் காத்திருக்கலாம் எனக் கண்டு அத்தடையை இடாது விட்டது.

எனவே இவ்வெழுத்தை அதன் நடையழகு கொண்டு மதிப்பிடல் பொருந்தாது. ஒரே அறிவுறுத்தலைப் பலமுறை கொடுத்து, கிடைக்கும் அட்டவணைகளை ஒப்பிடல் வேண்டும். ஒவ்வொரு வாக்கியமாக நீக்கி, மாற்றம் விளையாத வாக்கியத்தைக் களைதல் வேண்டும். எல்லாவற்றுக்கும் மேலாக, நடக்கவியலாத செய்திகளை வேண்டுமென்றே பதிய முயலல் வேண்டும். அவற்றை அட்டவணை மறுக்குமாயின் அறிவுறுத்தல் நன்று. ஏற்குமாயின் எழுதியவர் எதனையோ சொல்லாது விட்டுள்ளார் என்பது தெளிவு.

கலைப்பீட மாணவர்க்கு இதில் என்ன வேலை என வினவுவோர்க்கு விடை இதுவே. ஒரு நிரை எதனைக் குறிக்கின்றது, ஒருவரை நாம் எப்பெயரால் அறிகின்றோம் என்பன கணினியின் வினாக்கள் அல்ல. சமூகத்தையும் மொழியையும் பற்றிய வினாக்கள். அவற்றுக்கு நாம் விடை எழுதாவிடின், வேறெங்கோ எழுதப்பட்ட விடையே நம் பதிவேட்டிலும் நிலைத்துவிடும்.