செம்பும் குடமும்: ஈம்ஸ் இணையரின் வடிவமைப்புக் கோட்பாடு

அமெரிக்க வடிவமைப்பாளர் சார்ல்ஸ் ஈம்ஸும் அவர்தம் துணைவியார் ரே ஈம்ஸும் நடுவண் அரசுக்காக நாடெங்கும் சுற்றிப் பார்த்து, 1958 ஏப்ரலில் அளித்த ‘இந்திய அறிக்கை’ ஒரு சிறு ஆவணமே. எனினும் 1961இல் அகமதாபாத்தில் தேசிய வடிவமைப்பு நிறுவனம் தோன்ற அதுவே வித்திட்டது. நாற்காலிகளால் உலகப் புகழ் பெற்ற அவ்விணையர், இந்நாட்டில் கண்ட பொருள்களுள் தலையாயதாகத் தேர்ந்தது அரண்மனைக் கலைப்பொருள் எதையும் அன்று. தண்ணீர் மொள்ளும் லோட்டாவை, அதாவது நம் செம்பை.

செம்பைப் புதிதாக ஒருவர் வடிவமைப்பதாயின் எவற்றையெல்லாம் எண்ணவேண்டும் என அவர்கள் அடுக்கும் வினாக்களே அறிக்கையின் உயிர்ப்பகுதி. எவ்வளவு நீர் கொள்ள வேண்டும்? கையாளும் கை ஆணுடையதா, பெண்ணுடையதா? தலையிலா, இடுப்பிலா, வண்டியிலா கொண்டு செல்லப்படும்? வெறுமையாயிருக்கையிலும் நிறைந்திருக்கையிலும் அதன் எடை எங்கே நிற்கும்? கல்லில் வைக்கையில் எழும் ஓசை இனியதா? பழையதானபின் உலோகமாக விற்றால் என்ன தேறும்? இவற்றுக்குத் தனி ஒருவர் விடை கண்டதில்லை, தலைமுறைகள் பல கூடிக் கண்டன என்பது அவர்கள் முடிவு. இதன் அடியில் ஓடும் கோட்பாட்டைச் சார்ல்ஸ், 1972இல் வெளிவந்த ஒரு குறும்படத்தில் தெளிவாகவே கூறினார்: வடிவமைப்பு என்பது கட்டுப்பாடுகளை மனமுவந்து ஏற்று அவற்றுக்குள் இயங்குவது.

இக்கோட்பாட்டை நாம் பெரிதும் மதிக்கிறோம். நம் வீடுகளின் மூக்குக் கெண்டியே அதற்குச் சான்று. நபிகள் நாயகம் (ஸல்) அவர்கள் ஒரு ‘முத்து’ அளவு நீரில் உளூச் செய்ததாக நபிமொழித் தொகுப்புகள் கூறும். இரு கைகளும் சேர்ந்து ஏந்தும் அளவு அது. அச்சிறிதளவு நீரை முகத்துக்கும் கைக்கும் காலுக்கும் பகிர்ந்தளிக்க, அகன்ற வாயினும் ஒடுங்கிய மூக்கே தகும். வட இந்தியாவில் ‘பதனா’ என வழங்கும் இம்மூக்குடைய பாத்திரம் அறிக்கையின் புகழுரையில் இடம்பெறவில்லை. அதைக் குறையாகச் சொல்ல வரவில்லை. ஆனால் அவர்களுடைய வாதத்துக்கு இதனினும் நல்ல எடுத்துக்காட்டு கிடைத்திராது.

நமக்கு ஐயம் எழுவது வேறிடத்தில். தருமபுரி மாவட்டத்து ஏரியூரை எடுத்துக்கொள்வோம். பெயரிலேயே ஏரி இருந்தும், நீருக்குத் தவித்த வறண்ட நிலப்பகுதியின் ஊர் அது. இத்தகைய ஊர்களின் குழாயடியில் இன்று நிற்பவை பிளாஸ்டிக் குடங்கள். ரசனையாளர் முகம் சுளிக்கலாம். ஆனால் பித்தளைக் குடத்தின் ஒடுங்கிய கழுத்தையும் உருண்ட வயிற்றையும் அப்படியே வைத்துக்கொண்டு, அதன் பாரத்தை மட்டும் நீக்கிய அக்குடம் ஈம்ஸின் வினாக்கள் பலவற்றில் தேறிவிடும். பதினைந்து லிட்டர் நீரே பதினைந்து கிலோ. அதன்மேல் உலோகத்தையும் ஏன் சுமக்க வேண்டும்? தோற்பது ஒன்றில்: ஆபத்துக்கு அடகு வைக்கப் பித்தளை உதவியது, உடைந்த பிளாஸ்டிக்குக்கு அம்மதிப்பில்லை.

இனி, பாத்திரத்தின் பொருள் உள்ளிருக்கும் நீரை என்ன செய்யும் என்றும் அறிக்கை கேட்கிறது. தருமபுரி மாவட்டத்தில் கேட்கவேண்டியிருந்த கேள்வி, நீர் மனிதரை என்ன செய்யும் என்பது. நிலத்தடிப் பாறையிலிருந்து கரையும் ஃபுளோரைடுக்கு நிறமில்லை, மணமில்லை, கொதிக்கவைத்தாலும் போகாது. லிட்டருக்கு 1.5 மில்லிகிராமுக்கு மேற்பட்ட நீரை ஆண்டுக்கணக்கில் பருகினால் பற்கள் கறைபடும். அளவு மிக மிக எலும்பும் தாக்குறும். அந்நீரைப் பித்தளையில் மொண்டால் என்ன, பிளாஸ்டிக்கில் மொண்டால் என்ன? 2008இல் அடிக்கல் நாட்டப்பட்டு 2013இல் அர்ப்பணிக்கப்பட்ட ஒகேனக்கல் கூட்டுக் குடிநீர்த் திட்டம், குடத்தை விட்டுவிட்டு நீரையே மாற்ற முனைந்தது.

இடுப்பின் வளைவுக்குப் பாத்திரம் பொருந்துகிறதா என்று நுட்பமாகக் கேட்டவர்கள், அவ்விடுப்பு ஏன் அத்தனை தொலைவு சுமக்க வேண்டும் என்று கேட்கவில்லை. கெண்டியின் மூக்கை வகுத்த சிக்கனம் மனிதர் விரும்பி ஏற்ற கட்டுப்பாடு. குடம் சுமப்பவளின் தொலைவோ அவள்மீது சுமத்தப்பட்டது. ஈம்ஸின் கோட்பாட்டில் இவ்விரண்டும் ஒரே பெயரில் அடங்கிவிடுகின்றன. அழகுணர்ச்சி மிக்க அவ்வறிக்கையை மாணவர்க்குப் பயிற்றுவோர் இவ்விடத்தில் சற்று நின்று பேசவேண்டும். தெருக்குழாயின் மேடை எவ்வளவு உயரமிருந்தால் நிறைகுடத்தைக் குனியாமல் இடுப்புக்கு ஏற்றலாம் என்பதும் வடிவமைப்புக் கேள்விதான். ஊராட்சிப் பொறியாளரிடம் அதை இன்றே கேட்கலாம்.