பற்சில்லும் பாதையும்

சிறிய மோட்டார் சைக்கிளின் எஞ்சினில் பிறக்கும் வலு பின்சில்லைச் சென்றடைவதற்கு முன் கடைசியாகக் கடப்பது இரண்டு பற்சில்லுகளையும் அவற்றைச் சுற்றியோடும் ஒரு செயினையுமே ஆகும். எஞ்சினிலிருந்து வெளியே நீளும் தண்டில் பூட்டப்பட்டிருக்கும் சிறிய பற்சில்லை முன் ஸ்புரொக்கட் என்றும், பின்சில்லின் ஹப்பில் பூட்டப்பட்டிருக்கும் பெரியதைப் பின் ஸ்புரொக்கட் என்றும் வழங்குவர். கியர்ப் பெட்டிக்குள் இருக்கும் பற்சில்லுகள் எண்ணெயில் தோய்ந்தபடி, தொழிற்சாலை நிர்ணயித்த அளவிலேயே வண்டியின் ஆயுள் முழுவதும் சுழல்கின்றன. அவற்றின் அளவை மாற்ற நினைப்பவர் அரிது. வெளியே உள்ள இந்த இரண்டும் சில சாவிகள் மட்டுமே வைத்திருக்கும் வீதியோரக் கராஜுக்கும் எட்டக்கூடியவை. எங்கோ ஒரு நாட்டில், எல்லா நிலங்களுக்கும் பொதுவாக வகுக்கப்பட்ட வண்டியை ஓர் ஊரின் வண்டியாக ஆக்கிக்கொள்வதற்கு மிகக் குறைந்த செலவில் உள்ள வழி இதுவே. அந்த எளிமையில்தான் இக்கைவினையின் அழகு இருக்கிறது.

இதன் கணக்கு பள்ளிப் பிள்ளைக்கும் விளங்கக்கூடியது. முன்னே 14 பற்களும் பின்னே 42 பற்களும் உள்ள வண்டியில், பின்சில்லு ஒருமுறை சுற்றுவதற்கு முன் ஸ்புரொக்கட் மூன்று முறை சுற்ற வேண்டும். 42ஐ 14ஆல் வகுத்து வரும் 3 என்ற இந்த எண்ணே இறுதிக் கியர் விகிதம் எனப்படுகிறது. 17 அங்குலச் சில்லில் 2.75 அளவுள்ள ரயர் பூட்டப்பட்டால் அதன் சுற்றளவு ஏறத்தாழ 1.8 மீற்றர் வரும். முன் ஸ்புரொக்கட் நிமிடத்துக்கு 1000 முறை சுற்றும்போது அவ்வண்டி மணிக்கு 36 கிலோமீற்றர் வேகத்தில் செல்லும். முன்னே ஒரு பல்லைக் கூட்டி 15 ஆக்கினால் அதே சுழற்சிக்கு வேகம் 38.6 கிலோமீற்றராக உயர்கிறது. ஒரு பல்லைக் குறைத்து 13 ஆக்கினால் 33.4 ஆகத் தாழ்கிறது. முன்னதை விட்டுவிட்டுப் பின்னே 42ஐ 45 ஆக்கினால் வேகம் 33.6 கிலோமீற்றர். முன்னே ஒரு பல் குறைப்பதும் பின்னே மூன்று பல் கூட்டுவதும் ஏறத்தாழ ஒரே பலனைத் தருவதால், பெரிய மாற்றத்துக்கு முன்பக்கமும் நுண்ணிய திருத்தத்துக்குப் பின்பக்கமும் பொருத்தமானவை என்ற நடைமுறை விதி இதிலிருந்தே பிறக்கிறது.

பற்களை மாற்றுவதால் எஞ்சினின் வலு ஒரு துளியும் கூடுவதில்லை என்பதை இங்கே அழுத்திச் சொல்ல வேண்டும். நெம்புகோலின் கைப்பிடி நீளும்போது பாரத்தைத் தூக்குவது எளிதாகி, ஆனால் கை நகர வேண்டிய தூரம் கூடிவிடுவதைப் போல, விகிதம் கூடும்போது பின்சில்லைத் திருப்பும் விசையாகிய முறுக்கம் கூடுகிறது. அதற்கு ஈடாக ஒவ்வொரு கிலோமீற்றருக்கும் எஞ்சின் அதிக சுற்றுகள் சுற்ற வேண்டியிருக்கிறது. 14க்கு 45 என்ற அமைப்பு 14க்கு 42ஐ விட ஏழு சதவீதம் அதிக முறுக்கம் தருகிறது. அதே ஏழு சதவீதம் எஞ்சினின் ஓட்டமும் கூடுகிறது; அதனோடு சூடும் தேய்வும் கூடுகின்றன. ஓரிடத்தில் பெறுவதற்கு இன்னோரிடத்தில் கொடுத்தே தீர வேண்டும் என்ற இந்த நேர்மையான கணக்கை ஏற்றுக்கொண்டு, எங்கே பெறுவது, எங்கே கொடுப்பது என்று தீர்மானிப்பதே இக்கலையின் சாரம். அத்தீர்மானத்தை எடுக்க வண்டியை அறிந்திருப்பதை விடப் பாதையை அறிந்திருப்பது முக்கியம்.

அந்த வகையில் இலங்கையின் கிழக்குக் கரையிலுள்ள வாழைச்சேனை கவனித்துப் பார்க்க வேண்டிய ஊர். மட்டக்களப்பிலிருந்து வடக்கே ஏறத்தாழ முப்பது கிலோமீற்றர் தொலைவில், கடலுக்கும் களப்புக்கும் இடையே அமைந்த இவ்வூரிலிருந்து ஒன்றுக்கொன்று வேறான பாதைகள் பிரிகின்றன. கிரான், செங்கலடி, ஏறாவூர் வழியாக மட்டக்களப்புக்குச் செல்லும் வீதியும், காயான்கேணி, பனிச்சங்கேணி வழியாக வாகரைக்குச் செல்லும் வீதியும் ஏற்றம் இறக்கம் அதிகமில்லாத சமதரைகள். மேற்கே ஓட்டமாவடி தாண்டிப் புணானை, வெலிக்கந்தை வழியாகப் பொலன்னறுவைக்குப் போகும் வீதி திறந்த வெளிகளினூடே நீள்கிறது. கல்குடா, நாசிவன்தீவுப் பக்கத்தில் கடற்கரை மணல். வயற்பக்கத்தில் மாரியில் சேறாகவும் கோடையில் புழுதியாகவும் மாறும் கிரவல் பாதைகள். செங்கலடிச் சந்தியில் திரும்பி மகா ஓயா, பிபிலை வழியாகப் பதுளைக்குச் செல்பவருக்கு மட்டுமே உண்மையான மலையேற்றம் எதிர்ப்படும்.

சமதரை என்றவுடன் முன்னே ஒரு பல்லைக் கூட்டி எஞ்சினை மெதுவாகச் சுழலவிட்டால் வேகமும் எண்ணெய்ச் சிக்கனமும் ஒருசேரக் கிடைக்கும் என்று தோன்றுவது இயல்பு. கிழக்குக் கரையின் காற்று அந்த எண்ணத்தைத் திருத்துகிறது. கோடையில் மேற்கிலிருந்து வீசும் வறண்ட கச்சான் காற்றை எதிர்த்துப் புணானைப் பக்கம் செல்லும் 100 சிசி வண்டிக்கு, மலை இல்லாத இடத்திலும் மலையேறும் பாரம் வந்து சேர்கிறது. காற்றின் தடை வேகத்தின் வர்க்கத்துக்கு ஏற்பக் கூடுவது. எதிர்க்காற்றின் வேகமும் வண்டியின் வேகத்தோடு சேர்ந்தே கணக்கிடப்படும். ஒவ்வொரு எஞ்சினும் தன் முழு வலுவையும் ஒரு குறிப்பிட்ட சுழற்சியில்தான் தருகிறது. முன்னே பல் கூட்டப்பட்ட வண்டி, கடைசியான நான்காம் கியரில் காற்றின் தடையால் அந்தச் சுழற்சியை எட்ட முடியாமல் தவிக்கிறது. ஓட்டுபவர் மூன்றாம் கியருக்கு இறங்குகிறார், நான்காவது பயனற்றதாகிறது. தாளில் கூடிய உச்ச வேகம் வீதியில் குறைந்துபோவதும், சிக்கனம் தேடிய மாற்றம் அதிக எண்ணெயைக் குடிப்பதும் இவ்வாறுதான். நான்காம் கியரில் முழு வலுவையும் எட்டக்கூடியதாக உள்ள விகிதமே அவ்வண்டியின் உண்மையான உச்ச வேகத்தைத் தரும் என்பது இத்துறையில் அடிக்கடி மறக்கப்படும் உண்மை.

சுமை என்பது இன்னொரு கணக்கு. மீன் பெட்டி, பாற்கேன், நெல் மூட்டை என்று பின்னிருக்கையில் ஓர் ஆளுக்கும் மேற்பட்ட பாரத்தை ஏற்றி, மணலிலும் கிரவலிலும் மெதுவாகச் செல்ல வேண்டிய வண்டிக்குக் கூடிய விகிதமே உகந்தது. ஹொண்டா சி 90, எம்.டி. 90 போன்ற வண்டிகளில் இது இன்னும் தெளிவாகப் புலப்படும். இவற்றில் கையால் பிடிக்கும் கிளச் நெம்பு கிடையாது. எஞ்சினின் சுழற்சி கூடும்போது மையநீக்க விசையால் தானே பற்றிக்கொள்ளும் கிளச்சே உள்ளது. மணலில் பாரத்தோடு ஊரும்போது சுழற்சி போதாவிட்டால் கிளச் முழுமையாகப் பற்றாமல் வழுக்கிச் சூடேறித் தேய்கிறது. பின்னே இரண்டு மூன்று பற்களைக் கூட்டினால் அதே மெதுவான வேகத்திலும் எஞ்சின் வேகமாகச் சுழன்று கிளச் இறுகப் பற்றுகிறது. ஆனால் இவ்வண்டிகளின் செயினை முழுவதும் மூடியிருக்கும் தகட்டு உறை, மணலையும் களப்பின் உப்பு ஈரத்தையும் செயினுக்கு எட்டாமல் காக்கும் பெரும் உதவியாக இருப்பதோடு, உள்ளே எவ்வளவு பெரிய பற்சில்லைப் பூட்டலாம் என்பதற்கு எல்லையும் வகுக்கிறது. பற்சில்லு பெரிதாகி உறையில் உரசுகிறது என்பதற்காக உறையையே கழற்றி எறிவது, இந்தக் கடற்கரையில் செயினின் ஆயுளைத் தானே குறைத்துக்கொள்வதாகும்.

வண்டியின் பயனை ஒரு பற்சில்லு எவ்வளவு தூரம் மாற்றும் என்பதற்கு சி 90 சேர்ந்த வண்டிக் குடும்பத்தின் வரலாற்றிலேயே சிறந்த சான்று உண்டு. 1958 இல் ஜப்பானில் 50 சிசி எஞ்சினோடு வெளிவந்த ஹொண்டா சூப்பர் கப், நகரத் தெருக்களை மனத்திற்கொண்டு செய்யப்பட்டது. 2017 இல் பத்துக் கோடியாவது வண்டியைக் கண்ட இவ்வரிசை, உலகில் மிக அதிகமாக உற்பத்தியான மோட்டார் வாகனமாகும். 1959 இல் ஹொண்டா அமெரிக்காவில் கிளை திறந்த பின்னர், ஐடஹோ மாநிலத்தின் போய்சி நகரில் வண்டி விற்ற ஹெர்ப் யூல் என்பவர், சூப்பர் கப்பின் பின்சில்லில் மிகப் பெரிய ஸ்புரொக்கட்டையும் முரட்டு ரயரையும் பூட்டி, மலைப்பாதைகளில் ஏறக்கூடிய வண்டியாக விற்றார். ஒரு சிறு நகரில் இவ்வண்டிகள் ஏராளமாக விற்பதைக் கவனித்த ஹொண்டா, அம்மாற்றத்தைத் தானே ஏற்றுக்கொண்டு டிரெயில் 50 என்ற வண்டியை வெளியிட்டது. அதன் பின்சில்லில் சிறியதும் பெரியதுமாக இரண்டு ஸ்புரொக்கட்கள் இருந்தன. மலையடிவாரத்தில் நிறுத்தி, மேலதிகச் செயின் துண்டை இணைத்துப் பெரியதில் மாட்டிக்கொண்டு ஏறலாம். பின்னர் வந்த டிரெயில் 90 வண்டிகளில் இதே வேலையை ஒரு துணைக் கியர் செய்யத் தொடங்கியது. தன் சுற்றுப்புறத்தின் மலைகளை அறிந்த ஒரு விற்பனையாளரின் திருத்தத்தைப் பெரும் தொழிற்சாலை பின்பற்றியது என்பது, வீதியோரக் கராஜில் செய்யப்படும் வேலைக்கு உலகம் அளித்த மிக உயர்ந்த மரியாதை.

இவ்வேலையைத் தாங்கும் செயினும் ரசிக்கத்தக்க பொருள். சிறு உருளைகள் தம் அச்சில் சுழன்றபடி பற்களில் அமரும் இன்றைய செயின் அமைப்பை 1880 இல் மான்செஸ்டரில் ஹான்ஸ் ரெனோல்ட் உருவாக்கினார். சிறிய வண்டிகளில் வழங்கும் 420, 428 ஆகிய இருவகைச் செயின்களிலும் ஓர் உருளைக்கும் அடுத்ததற்கும் இடையிலான தூரம் அரை அங்குலம், அதாவது 12.7 மில்லிமீற்றர்; அகலமும் உருளையின் பருமனும் வேறுபடும். 420க்குரிய பற்சில்லில் 428 செயின் ஏறிவிடும். ஆனால் பற்களிடையே சரியாக அமராமல், பக்கவாட்டில் ஆடித் தேயும். எனவே பற்களை எண்ணுவதற்கு முன் இந்த எண்ணைப் பார்ப்பது முதல் கடமை.

பற்சில்லு பார்வைக்கு வட்டம். செயினுக்கோ அது ஒரு பலகோணம். 14 பற்கள் உள்ள முன் ஸ்புரொக்கட் ஒரே சீராகச் சுழன்றாலும், ஒவ்வொரு பல்லும் ஏறி இறங்கும்போது செயினின் வேகம் ஏறத்தாழ 2.5 சதவீதம் கூடிக் குறைகிறது. 17 பற்களில் அது 1.7 சதவீதமாகவும் 11 பற்களில் 4 சதவீதமாகவும் இருக்கும். முன்பக்கத்தில் பற்களைக் குறைத்துக்கொண்டே போகும்போது காலடியில் உணரப்படும் நுண்ணிய அதிர்வுக்கும், செயின் விரைவில் நீண்டுபோவதற்கும் காரணம் இதுவே. செயினின் கண்ணிகள் எப்போதும் இரட்டைப்படையில் அமைவதால், 14 பற்கள் உள்ள பற்சில்லின் ஒவ்வொரு பல்லும் உள் கண்ணி, வெளிக் கண்ணி ஆகியவற்றில் ஒன்றையே மீண்டும் மீண்டும் சந்திக்கும். 104 கண்ணிகள் உள்ள செயினில் 15 பற்கள் உள்ள பற்சில்லைப் பூட்டினால் ஒவ்வொரு பல்லும் எல்லாக் கண்ணிகளையும் முறைவைத்துச் சந்தித்து, தேய்வு சமமாகப் பங்கிடப்படும். தேர்ந்த மெக்கானிக் ஒற்றைப்படை எண்ணை விரும்புவதன் பின்னே இத்தகைய கணிதம் இருக்கிறது.

வேலை நடக்கும் விதத்தைக் கிட்ட நின்று பார்ப்பது தனி இன்பம். இடப்பக்க உறையைக் கழற்றியதும், பழைய கிறீசும் மணலும் கலந்து இறுகிய கரிய படை தெரியும். அதைச் சுரண்டித் துடைத்த பின்னரே முன் ஸ்புரொக்கட் கண்ணுக்குப் படும். பல சிறு வண்டிகளில் அதைப் பிடித்திருப்பது பத்தாம் நம்பர்ச் சாவியால் கழற்றக்கூடிய இரண்டு போல்ட்களும் பல்வெட்டுள்ள ஒரு மெல்லிய தகடும் மட்டுமே. தகட்டைச் சற்றுத் திருப்பினால் தண்டின் வெட்டுகளுக்கு நேரே வந்து கழன்றுவிடும். கழற்றிய பற்சில்லில் பற்கள் ஒருபக்கம் சாய்ந்து கொக்கிபோல் கூர்ந்திருந்தால் அதன் காலம் முடிந்தது. புதியதைப் பூட்டிச் செயினைச் சுற்றியபின் பின்சில்லின் அச்சு நகர்த்தப்படுகிறது: முன்னே ஒரு பல் கூடினால் ஏறத்தாழ 3 மில்லிமீற்றர் முன்னோக்கி, பின்னே மூன்று பற்கள் கூடினால் ஏறத்தாழ 9.5 மில்லிமீற்றர். அச்சு ஓடும் வெட்டில் அவ்வளவு இடம் இல்லையென்றால் செயினின் நீளமும் மாற வேண்டும். இருபக்கமும் உள்ள கோடுகள் ஒத்திருக்கின்றனவா, ஆள் ஏறியமர்ந்த பின்னும் செயினுக்குப் போதிய தளர்வு இருக்கிறதா, இணைப்புக் கண்ணியின் கிளிப் தன் மூடிய முனையைச் செயின் ஓடும் திசைக்குக் காட்டுகிறதா என்று பார்த்து முடிப்பதில் ஒரு மெக்கானிக்கின் தரம் வெளிப்படுகிறது. கிளிப்பைத் திருப்பிப் போட்டால் அது ஓட்டத்தில் தட்டுப்பட்டுக் கழன்றுவிடக்கூடும். அத்தனை சிறிய துண்டில் ஓட்டுபவரின் உயிர் தங்கியிருக்கிறது.

மாற்றம் சரியா என்பதை எஞ்சினின் ஓசையே சொல்லும். கடைசிக் கியரில் வழக்கமான பாரத்தோடு, வழக்கமான வேகத்தில், முறுக்கியைக் கொஞ்சம் திருகினால் வண்டி தயங்காமல் முன்னேற வேண்டும். எஞ்சின் இடித்துத் திணறினால் விகிதம் போதாது, அலறினால் விகிதம் மிகை. வேகமானி முன்சில்லிலிருந்து இயங்கும் வண்டிகளில் பற்களை மாற்றினாலும் அது காட்டும் வேகம் பிழைக்காது என்பதால், எண்ணெய்க் கணக்கையும் நம்பகமாக ஒப்பிடலாம். 2020 மார்ச்சில் வாகன இறக்குமதி நிறுத்தப்பட்டு, கையிலிருந்த வண்டியையே பல ஆண்டுகள் பேண வேண்டியிருந்த இலங்கையில், 2022 இல் மோட்டார் சைக்கிளுக்கு வாரம் 4 லீற்றர் பெற்றோலே பங்கீட்டில் கிடைத்தபோது, இத்தகைய கணக்குகளின் பெறுமதி ஒவ்வொரு வீட்டிலும் உணரப்பட்டது.

வாழைச்சேனையின் சமதரையில் ஒற்றையாளாக ஓடும் வண்டிக்குத் தொழிற்சாலை தந்த விகிதமே பெரும்பாலும் போதுமானது; காற்றும் பாரமும் மணலும் அன்றாடம் எதிர்ப்படுபவர் பின்னே இரண்டு, மூன்று பற்களைக் கூட்டுவது நன்மை தரும்; வேகத்தை மட்டும் எண்ணி முன்னே கூட்டுவது கச்சான் காலத்தில் ஏமாற்றத்தையே தரும். எதை மாற்றினாலும் ஒரு நேரத்தில் ஒரு படியாக மாற்றுங்கள். தேய்ந்த செயினைப் புதிய பற்சில்லில் ஏற்றாமல் செயினையும் இரண்டு பற்சில்லுகளையும் சேர்த்தே மாற்றுங்கள். கழற்றிய பற்சில்லு தேயாததாயின் பத்திரப்படுத்துங்கள். பிழையென்று கண்டால் பழைய நிலைக்கே திரும்பக்கூடிய மாற்றங்கள் இயந்திர உலகில் சிலவே. அவற்றில் இது ஒன்று.